மணற்கல், கம்பளி

அந்தப் பேச்சை கேய்னர் ஹோல்ராய்ட் இன்றைக்கும் ஒரு சொல் முன்பின் மாறாமல் சொல்வாள். அன்று கொட்டகையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: அவளும், அப்போது அவள் கணவனாக இருந்த ரஸ்ஸல் பேரக்ளஃபும். ரஸ்ஸல் பிற்பாடு அதை வேறு மாதிரி சொல்லப் பழகிவிட்டான். நடந்தது நடந்தபடி இருப்பது இவள் ஒருத்தியிடம்தான்.

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. மில்லில் அரை நாள் வேலை முடிந்து அவள் கால்வாய் ஓரத்துக் கொட்டகைக்கு வந்தாள். முன்பு நிலக்கரி கொட்டி வைத்திருந்த இடம் அது. ரஸ்ஸல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். சிற்பம் செதுக்கும் உளி கீழே கிடந்தது.

"போச்சு," என்றான்.

"என்ன போச்சு?"

"கல்லுதான். ராத்திரி உறைபனியில பிளந்துடுச்சு."

"சாக்கு போட்டு மூடலயா நீ?"

"நீ மூடியிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு மூடணும்? உன் கல்லு, உன் சாக்கு. குவாரிக்காரன் பேரன்தான நீ? புதுசா வெட்டின கல்ல பனியில போடக்கூடாதுன்னு இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"காலேஜ்ல சொல்லித் தரல."

"வேற என்னதான் சொல்லிக் குடுத்தாங்க அங்க?"

"புலம்பறதுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். குனிந்து வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, சற்றே கோணலாக ஓடியிருந்தது.

"விரல் நுழையற அளவுதான். துணியா இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பேன்."

"துணியா இருந்தா."

"ஓரத்துல ஓட்ட போட்டுக் குடு."

"என்னது?"

"ரெண்டு பக்கமும் நெருக்கமா, சின்னச் சின்னதா ஓட்ட போட்டுக் குடு. இழை ஓட்டிப் பாக்கறேன்."

"கல்லுக்கா?"

"ஒடஞ்சதுதான. இனிமே என்ன கெடப்போகுது?"

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, கேய்னர்."

"பைத்தியந்தான். இல்லன்னா உன்னக் கட்டியிருப்பேனா? ஓட்டயப் போடு."

பேச்சு அவ்வளவுதான். அவன் துளைகள் போட்டான். அவள் மில்லில் மிஞ்சிய நூலைக் கொண்டுவந்தாள்.

வட இங்கிலாந்தில், கால்டர் பள்ளத்தாக்கின் அந்த ஊரில் கேய்னர் பார்த்தது மெண்டர் வேலை. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். இழை அறுந்த வரிசை கண்ணில் பட்டால் அதற்கு நேராகத் துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். இங்கே குறை இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு துணி மெண்டர்களிடம் வரும். வடக்கு ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் போட்ட மேசைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அறுந்த இழையை அதே நிறத்தில், அதே முறுக்கில், ஊசியால் மறுபடி நெய்துவிடுவார்கள். சரிசெய்த இடம் எது என்று சரிசெய்தவளுக்கே தெரியாமல் போக வேண்டும். போனால், அவளே அந்தச் சிவப்பு நூலைக் கத்தரித்து எறியலாம். வேலை முடிந்ததற்கு வேறு அடையாளம் கிடையாது.

அந்தப் பெண்கள் கையைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். விரல் சொரசொரத்தால் இழை மாட்டிக்கொள்ளும். ஆகவே மெண்டர் இருக்கும் வீட்டில் உருளைக்கிழங்கு சீவுவதும், அடுப்புக்குக் கரி அள்ளுவதும் மற்றவர்கள் வேலை. "வந்துட்டாங்க மகாராணிங்க" என்று தறிக்காரிகள் கிண்டல் செய்வார்கள். மகாராணிகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ரஸ்ஸலின் கை நேர் எதிர். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு, வெடிப்பு, கல்தூசி. அவளுடைய ஸ்வெட்டரை அவன் தொட்டால் இழை இழுத்துக்கொண்டு வரும். "பூனைய வளக்கறதும் உன்ன வளக்கறதும் ஒண்ணுதான்" என்பாள்.

அந்தக் கல்லின் நிறத்துக்கு நூல் கிடைக்கவில்லை. அந்த ஊர் மணற்கல் ஒரே சாம்பல் இல்லை. தேன் நிறம், துரு நிறம், நூறு வருஷப் புகைக்கரி எல்லாம் அதில் உண்டு. கேய்னர் மூன்று நூல்களைச் சேர்த்து முறுக்கினாள். ஒரு வெடிப்பை நிரப்ப மார்ச் முடிந்துவிட்டது. முடித்தபோது, நான்கடி தள்ளி நின்றால் முழுக் கல். கிட்டே வந்தால் கல்லின் நடுவே மெத்தென்று ஒரு கம்பளிக் கோடு. பார்த்தவர்கள் எல்லோரும் கையை நீட்டினார்கள். தொட்டதும் சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்கள். கல் என்று நினைத்துத் தொட்ட இடத்தில் உயிருள்ள எதையோ தொட்டது போல இருந்தது என்றார் ரஸ்ஸலின் பழைய ஆசிரியர். அவர்தான் அதை லீட்ஸில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார்.

அங்கிருந்து லண்டன். அதன் பின் ரஸ்ஸல் பனிக்காலம் வந்தால் கல்லை வேண்டுமென்றே வெளியே போட்டான். பிளக்காத கல்லை ஆப்பு அடித்துப் பிளந்தான். கல்லும் கம்பளியும், கடினமும் மென்மையும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஊர் நூலகத்தில் அவன் படத்தை வெட்டி ஒட்டினார்கள். கேய்னர் பகலில் மில்லில் துணியைச் சரிசெய்தாள், சாயங்காலங்களில் கல்லை.

ஒவ்வொரு சிற்பத்தின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். ரஸ்ஸல் பேரக்ளஃப். மணற்கல், கம்பளி. பக்கத்து மேசைக்காரி டோரீன் லீட்ஸ் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து திங்கட்கிழமை காலையில் மெண்டிங் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"கல்லுக்குப் பேர் போட்டிருக்கான். கம்பளிக்குப் பேர் போட்டிருக்கான். உனக்குத்தான்டி கேய்னர் எடமில்லாமப் போச்சு. அட்ட சின்னது போல."

எல்லோரும் சிரித்தார்கள். கேய்னரும் சிரித்தாள். அப்போது அது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. மெண்டர் பெயர் எந்தத் துணியில் இருந்தது? லண்டன் கடைகளில் அந்தத் துணியில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு, சரிசெய்யும் அறை என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மில்லை மூடினார்கள். துருக்கிக்கு விற்ற தறிகள் லாரியில் ஏறிப் போயின. டோரீன் மருத்துவமனையில் சலவை வேலைக்குப் போனாள். கேய்னர் முழு நேரமும் கொட்டகைக்கு வந்தாள். அந்த வருஷம்தான் அவர்களுடைய மிகப் பெரிய வேலை. ஆளைவிட உயரமான ஒற்றைக் கல், உச்சியிலிருந்து அடி வரை ஒரே பிளவு. ரஸ்ஸல் அதற்கு 'நிற்பவன்' என்று பெயர் வைத்தான். ஏணியில் ஏறி உட்கார்ந்து குளிர்காலம் முழுவதும் கேய்னர் இழை ஓட்டினாள். அந்தக் கொட்டகையில் அடுப்பு வைக்க முடியாது, கம்பளியில் புகை ஏறிவிடும். விரல் நுனி வெட்டிய கையுறையும், அரை மணிக்கொரு தேநீரும்தான்.

லண்டன் கலைக்கூடம் ஒன்று அதை வாங்குவதாக இருந்தது. அங்கிருந்து ஹாரியட் என்ற இளம்பெண் ஒலிப்பதிவுக் கருவியுடனும் ஒரு புகைப்படக்காரருடனும் வந்தாள். நல்ல பெண்தான். வந்ததும் ஷூவைக் கழற்றி வைத்தாள், கேய்னர் போட்ட தேநீரை மிச்சமில்லாமல் குடித்தாள். சமையலறை மேசையில் வைத்துத்தான் கேள்வி கேட்டாள்.

"கல்லுக்குள்ள கம்பளின்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

கேய்னர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு நின்றாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க நிஜமாகவே ஆசையாக இருந்தது.

"அது ரத்தத்துலயே இருக்கு," என்றான் ரஸ்ஸல். "தாத்தா குவாரியில கல்லு ஒடச்சவரு. அம்மா மில்லுல கம்பளி நெய்தவங்க. ரெண்டும் எனக்குள்ள சண்ட போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் ரெண்டையும் சமாதானம் பண்ணி வெச்சேன், அவ்வளவுதான்."

ஹாரியட் தலையாட்டினாள். கேய்னர் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

பிறகு புகைப்படம். கல்லின் பக்கத்தில் நின்று கம்பளியின் மேல் கையை வைக்கச் சொன்னார் படக்காரர். ரஸ்ஸல் வைத்தான். எடுக்கும்போது இழை அவன் உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு, இடுப்பு உயரத்தில் ஒரு சுருள் வெளியே வந்துவிட்டது. "ஐயோ" என்றாள் ஹாரியட். "அது ஒண்ணுமில்ல" என்றான் ரஸ்ஸல், கேய்னரைத் திரும்பிப் பார்த்தபடி. அவள் ஊசியை எடுத்து வந்தாள். அவர்கள் காரில் பெட்டிகளை ஏற்றி முடிப்பதற்குள் சுருள் போன இடம் தெரியவில்லை.

கார் போனதும் கேட்டாள்.

"உங்கம்மா எந்த மில்லுல நெய்தாங்க?"

"விடு கேய்னர்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மீனும் சிப்ஸும் வறுத்துக்கிட்டிருந்தாங்க. நானே வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வரிசையில நின்னு வாங்கியிருக்கேன். எண்ணெயில கைவைக்கிறவங்க கம்பளியத் தொட்டிருந்தா கறை புடிச்சிருக்கும்."

"மீன் வறுத்தாங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"என்னச் சொல்லியிருக்கலாம்ல? நான் மில்லுல இருந்தவதான. பொய்யே வேண்டாமே."

 அவன் ரொம்பவும் நிதானமாக, குழந்தைக்கு விளக்குவதுபோலச் சொன்னான்: "கேய்னர், நீ தைக்கற. நல்லாத் தைக்கற. தைக்கறது வேற, இது வேற."

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் லாரி வருவதற்கு முன் கொட்டகைக்குப் போய், பிளவின் கடைசி வரிசைக்கு நேராக, தரைக்குச் சற்று மேலே, கல்லோரத் துளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். விரல் நீளம்தான். மில்லில் இருந்த எவரும் பார்த்தால் படித்துவிடுவார்கள். இங்கே குறை இருக்கிறது, சரிசெய்தவள் இன்னும் முடித்துத் தரவில்லை. கலைக்கூடத்தில் மில் ஆட்கள் இல்லை. பிளவின் நிழலில் அது அப்படியே தங்கிவிட்டது.

சில வருஷங்களில் ரஸ்ஸல் லண்டனுக்குப் போனான். பாத்திரம் பறக்கிற சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் மாசத்துக்கு ஒரு தடவை வந்தான், பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தான், பிறகு காகிதம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பினாள். அங்கே அவன் கல்லூரிப் பெண்களை வைத்து இழை ஓட்டிப் பார்த்தான். தையல் தையலாகத் தெரிந்தது. கம்பளியை விட்டுவிட்டுக் கல்லையும் கண்ணாடியையும் சேர்த்தான், ஈயத்தையும் காகிதத்தையும் சேர்த்தான். விருது ஒன்று கிடைத்தது. டோரீன் ஒரு தடவை லண்டன் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அழகாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தனும் கைய நீட்டலடி."

கேய்னர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். அங்கே தினமும் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு சீவினாள்.

போன வருஷம் அந்தக் கலைக்கூடம் ரஸ்ஸலின் நாற்பதாண்டு வேலையைக் காட்சிக்கு வைக்க முடிவு செய்தது. ஹாரியட் இப்போது அங்கே பெரிய பதவியில் இருக்கிறாள். அவள்தான் போனில் அழைத்தாள்.

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குமான்னு தெரியல."

"ஷூவக் கழட்டி வெச்சுட்டு வந்தவங்கதான?"

ஹாரியட் சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். 'நிற்பவ'னைச் சுத்தம் செய்தபோது அடியில் ஒரு சிவப்பு நூல் கிடைத்திருக்கிறது. ரஸ்ஸலைக் கேட்டதற்கு, பார்க்க வந்த குழந்தை யாராவது கட்டியிருக்கும் என்றானாம். வெட்டி எடுக்கலாம் என்றால், அதோடு சேர்ந்து கம்பளி அவிழ்ந்துவிடுமோ என்று கலைக்கூடத்தில் உள்ளவர்களுக்குப் பயம்.

"கொழந்த கட்டல. நான் கட்டினது," என்றாள் கேய்னர்.

போனில் ஹாரியட்டின் குரல் தாழ்ந்தது.

"அந்தக் கம்பளி வேல முழுக்க..."

"ஆமா."

"நீங்க கட்டினதுன்னா அது வேற விஷயம்ங்க. நூல் அங்கயே இருக்கட்டும். அட்டையில உங்க பேரையும் சேத்துடலாம். ஆனா ரஸ்ஸல் ஒரு வார்த்த ஒத்துக்கணும். அவர் உயிரோட இருக்கும்போது அவரக் கேக்காம நாங்க செய்ய முடியாது."

"கேளுங்க," என்றாள் கேய்னர்.

அந்த வாரம் முழுவதும் அவள் பள்ளியில் யாருக்கும் இரண்டாவது கரண்டி மசித்த கிழங்கை மறுக்கவில்லை. டோரீனிடம் மட்டும் சொன்னாள். டோரீன், "அட்டையப் பெருசா அடிக்கச் சொல்லு. உன் பேரு நீளம்," என்றாள்.

பதில் ஹாரியட்டிடமிருந்து வரவில்லை. ரஸ்ஸலே ரயிலேறி வந்தான். முன்னால் போன் செய்யவும் இல்லை. தலை நரைத்திருந்தது, நடையில் இடது காலை லேசாக இழுத்தான். அந்தச் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்தான். அவன் பேசியதைக் கேட்ட பின்தான் அவள் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொன்னாள், மருந்துக்கடையில் கை க்ரீம் வாங்கினாள். வாரம் முழுக்க அதைத் தடவிக்கொண்டு, பருத்தி உறை மாட்டிக்கொண்டு படுத்தாள்.

லண்டன் ரயிலில் டோரீனும் கூட வந்தாள்.

"எதுக்குடி போற நீ?"

"நான் போகலன்னா கத்தரிக்கோல் வெச்சு வெட்டிடுவாங்க."

"வெட்டட்டுமே. வெட்டட்டும், அவுந்து தொங்கட்டும், பல்ல இளிக்கட்டும். அப்பவாவது யாரு செஞ்சதுன்னு தேடுவாங்க."

"அவுந்து தொங்கறத எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்."

"அது என் வேல, டோரீன்."

டோரீன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவளிடம் நீட்டினாள். அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கெட்ட தையலோடு ஒரு துணி தன் மேசையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு எந்த மெண்டரும் சும்மா இருந்ததில்லை.

கலைக்கூட வாசலில் இருவருக்கும் 'பார்வையாளர்' என்று எழுதிய ஒட்டுத்தாளைக் கொடுத்து மார்பில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கேய்னர் அதோடு தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சிவப்பு நூலை எடுத்தாள். அது மாட்டியிருந்த துளையில் கம்பளி இழையை முறுக்கி உள்ளே விட்டாள். ஹாரியட் அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். பிறகு விளக்கைக் கிட்டே பிடித்து வெகு நேரம் குனிந்து பார்த்தாள்.

"எங்க இருந்துச்சுன்னே தெரியலயே," என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது.

டோரீனும் பார்த்தாள். அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்துச் சுவரில் அட்டை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. பெரிதாகவே அடித்திருந்தார்கள். ரஸ்ஸல் பேரக்ளஃப். நிற்பவன். மணற்கல், கம்பளி.

ரயிலேறி வந்த அன்று, அந்தச் சமையலறையில் ரஸ்ஸல் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. முதலில் கால் வலியைப் பற்றிப் பேசினான், அப்புறம் ரயில் தாமதத்தைப் பற்றி. அவள் காத்திருந்தாள்.

"ஹாரியட் கேட்டா," என்றான் கடைசியில்.

"ம்."

"சிவப்பு நூல்னு அவ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் இந்த ஊர்க்காரன்தான."

"தெரிஞ்சுதான் கொழந்த கட்டினதுன்னு சொன்னியா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

"இத்தன வருஷமா ஒரே கதையச் சொல்லிட்டேன், கேய்னர். புத்தகத்துல எல்லாம் அதான் இருக்கு. இப்பப் போய் மாத்தினா, மிச்சம் நான் செஞ்சதையும் யாரும் நம்ப மாட்டாங்க. கம்பளி இல்லாம நான் செஞ்சதுக்கு என்ன மரியாதன்னு உனக்கே தெரியும்."

 அவன் கையை நீட்டி அவள் கையின் மேல் வைத்தான். அதே சொரசொரப்பு. அவளுடையதும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான் இருந்ததால் எதுவும் மாட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றான். "அந்த நூல நீயே வந்து எடுத்துடேன். வேற யாரு எடுத்தாலும் தடம் தெரியும். நீ எடுத்தா, அங்க ஒருத்தி கை வெச்சான்னே தெரியாது."